கல்லூரி ட்ரோன் திடலை விரிவாக்கப் பணம் வந்திருக்கிறது: முதலில் எதில் போடுவது?

கேள்வி: கரிசல் வாத்தியார் (பெரம்பலூர் மாவட்டம்)

வணக்கம். தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயந்திரவியல் துறையில் பணிபுரிகிறேன். விடுதிக்குப் பின்னால் கல்லூரிக்குச் சொந்தமாகப் பதினான்கு ஏக்கர் கரிசல் நிலம் இருக்கிறது. கிழக்கு மேற்காக 340 மீட்டர், வடக்கு தெற்காக 165 மீட்டர். சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும். சில ஆண்டுகளாக மாணவர்கள் ட்ரோன் பறக்கவிட்டுச் சோதிக்கும் இடம் அதுதான். தகரக் கொட்டகை ஒன்று, சிமெண்ட் தளங்கள் இரண்டு, லோட் செல் (விசையை அளக்கும் உணரி) வைத்து நாங்களே பற்றவைத்த உந்துவிசை மேடை, ஓர் ஆழ்குழாய்க் கிணறு. சொத்து அவ்வளவுதான். ஆனாலும் திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் சிறு பட்டறைக்காரர்கள் "ஒரு நாள் திடலைத் தருவீர்களா" என்று கேட்டு வரத் தொடங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் மருந்து தெளிக்கும் ட்ரோன் செய்கிறவர்கள்.

இதைப் பார்த்து நிர்வாகத்துக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. "ட்ரோன் சோதனை மற்றும் புத்தாக்க வளாகம்" என்று பெயர் சூட்டி, மூன்று கோடி ரூபாய் ஒதுக்கி, கட்டட வரைபடமும் போட்டாயிற்று. தரைத்தளத்தையும் சேர்த்து நான்கு மாடி. நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கண்ணில் பட வேண்டும் என்பதால் மேற்கு எல்லையில், முகப்பு முழுவதும் கண்ணாடி. கீழே கருத்தரங்கக் கூடம், அதற்கு மேல் மின்காந்தச் சோதனை அறை, அதற்கும் மேல் தொழில்முனைவோர் அறைகள். மேல்மாடிக்கு இன்னும் யாரும் காரணம் கண்டுபிடிக்கவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அடிக்கல் நாட்டு விழா. அதற்குள் தொழில்நுட்ப நியாயம் கூறி இரண்டு பக்கம் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

கட்டடத்தின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை. ஆனால் வருகிற பட்டறைக்காரர் ஒருவராவது கூடம் இருக்கிறதா என்று கேட்டதில்லை. காற்று எப்படி, விழுந்தால் அது யார் வயல், பேட்டரி சார்ஜ் செய்ய மும்முனை மின்சாரம் எத்தனை மணி நேரம் வரும், இவற்றைத்தான் கேட்கிறார்கள். நான் என்ன எழுத? வெளியார் எங்கள் நிலத்தில் பறக்கவிடச் சட்டம் இடம் கொடுக்கிறதா? ட்ரோன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியையும் இதே திடலில் நடத்தலாம், வருமானம் அதில்தான் என்கிறார் எங்கள் கணக்கர். அது சரிப்படுமா? இந்த வேலையில் கை வைத்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: காற்றுமானி (ஓய்வு பெற்றவன், ஓசூர்)

வாத்தியார் ஐயா, அந்த வரைபடம் போட்டவரிடம் ஒன்று கேளுங்கள்: ஆடிக் காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது?

மேற்கிலிருந்து. நான்கு மாடி என்றால் குறைந்தது 15 மீட்டர் உயரம். ஒரு தடை காற்றைக் கலைத்துப்போட்டால், அதன் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரமாவது அந்தக் கலக்கம் நிற்கும். காற்றளவு எடுக்கிறவர்கள் இருபது மடங்கு தள்ளிப் போவார்கள். அதாவது 150 முதல் 300 மீட்டர். உங்கள் திடலின் மொத்த நீளமே 340. மூன்று கோடி கொடுத்துத் திடலின் காற்றைக் கெடுத்துக்கொள்ளப் போகிறீர்கள். ட்ரோன் ஒரு பக்கம் சாய்ந்தால் அதன் கட்டுப்பாட்டு நிரலில் குறையா, உங்கள் கண்ணாடி மாளிகையின் சுழிக்காற்றா என்று எந்தப் பட்டறைக்காரனாலும் பிரித்தறிய முடியாது. கட்டியே தீருவோம் என்றால் கிழக்கு எல்லைக்குத் தள்ளுங்கள், ஒரே தளமாக. நெடுஞ்சாலைக்காரர்களுக்குப் பெயர்ப்பலகை போதும்.

அடுத்தது உயரக் கணக்கு. 2021 ஆகஸ்டில் வந்த ட்ரோன் விதிகளின்படி அரசின் வான்வெளி வரைபடத்தில் பச்சை மண்டலம் என்று குறித்த இடத்தில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை முன் அனுமதி இல்லாமல் பறக்கலாம். காகிதத்தில் அந்த 120 மீட்டரும் உங்களுடையது. தரையில் அப்படி இல்லை. பறக்கும் உயரம் எவ்வளவோ, குறைந்தது அவ்வளவு தூரத்துக்குச் சுற்றிலும் ஆளில்லாத நிலம் வேண்டும். இது நான் கைக்கொண்ட கணக்கு, ஐரோப்பிய விதிகளிலும் இருக்கிறது. 120 மீட்டர் உயரத்தில் விசை நின்றுபோனால் தரைக்கு வர ஏறக்குறைய ஐந்து விநாடி. விநாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது என்றால் ஐம்பது மீட்டர் முன்னால் போய் விழும். காற்று தள்ளுவதும், நீங்கள் திடுக்கிட்டு நிற்கும் நேரமும் இதில் சேரவில்லை. உங்கள் திடல் 165 மீட்டர் அகலம். 30 மீட்டர் உயரத்தில் பறந்தால், இரு பக்கமும் 30 மீட்டர் விட்டது போக நடுவில் 105 மீட்டர் பட்டை மிஞ்சும். 60 மீட்டரில் 45. 80 மீட்டரில் ஐந்தே மீட்டர். அதற்கு மேல் பறந்தால் அடுத்தவர் பருத்திக்கு மேலேதான் நிற்கிறீர்கள்.

ஆகவே, நீங்கள் விரிவாக்க வேண்டியது திடலின் ஓரத்தை. நிலம் வாங்கச் சொல்லவில்லை. மானாவாரிப் பூமி, தை, மாசியில் அறுப்பு முடிந்தால் புரட்டாசி விதைப்பு வரை சும்மாதானே கிடக்கிறது? வடக்கிலும் தெற்கிலும் உள்ளவர்களோடு அந்த மாதங்களுக்கு மட்டும் வாடகை ஒப்பந்தம் போடுங்கள். இரு பக்கமும் நூறு மீட்டர் கிடைத்தால் உங்கள் அகலம் 365 ஆகிவிடும், 120 மீட்டர் உயரத்தில் பறந்தாலும் நடுவில் 125 மீட்டர் பட்டை நிற்கும். மூன்று கோடியில் மூன்று விழுக்காடுகூடச் செலவாகாது.

இடம் போதாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கர்நாடகத்தைப் பாருங்கள். சித்திரதுர்கா மாவட்டம் சள்ளகெரே அருகே பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் விமானச் சோதனைத் தளம் 2017 மே மாதம் திறக்கப்பட்டது. நாலாயிரம் ஏக்கருக்கு மேல். அங்கிருந்து பறந்த பெரிய ஆளில்லா விமானம் ஒன்று 2019 செப்டம்பரில் தளத்துக்கு வெளியே ஒரு கிராமத்துத் தோட்டத்தில் விழுந்தது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. நாலாயிரம் ஏக்கர் வைத்திருந்தவர்களுக்கே அந்த நிலை. உங்களுடையது சின்னப் பறவை என்பதால் விழும் தூரமும் சின்னது, அவ்வளவே வித்தியாசம்.

இன்னோர் ஊரையும் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் மலாவி என்ற ஏழை நாடு, 2017இல் யூனிசெஃப் துணையோடு கசுங்கு என்ற இடத்தில் ட்ரோன் சோதனை வெளி ஒன்றைத் திறந்தது. 40 கிலோமீட்டர் ஆரம், 400 மீட்டர் உயரம். நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் வந்து சோதிக்கலாம். முதலில் கொடுத்தது வானத்தை. பயிற்சிக் கழகம் தலைநகர் லிலோங்வேயில் வந்தது 2020இல். அந்த வரிசையைத்தான் உங்கள் இரண்டு பக்கத்தில் எழுதச் சொல்கிறேன்.

வாங்க வேண்டியவை என்று கேட்டால், முதலில் ஒரு காற்றுக் கம்பம். பத்து மீட்டரில் ஒரு காற்றுமானி, மூன்று மீட்டரில் இன்னொன்று. வானிலைத் துறையின் அளவு பத்து மீட்டரில் எடுப்பது. மருந்து தெளிக்கும் ட்ரோன் பறப்பது மூன்று மீட்டரில். இரண்டும் ஒன்றல்ல, சில மாலைகளில் பாதிக்குப் பாதி வேறுபடும். ஒவ்வொரு விநாடியும் பதிவாக வேண்டும், அந்தப் பதிவின் நேரம் ஜி.பி.எஸ். நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். ட்ரோனின் பறப்புப் பதிவையும் கம்பத்தின் பதிவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிந்தால்தான் அது சோதனை. இல்லாவிட்டால் வேடிக்கை. இந்த ஒன்றைக் கொடுங்கள், சேலத்துக்காரன் வருவான், ஓசூரிலிருந்து நானே ஆள் அனுப்புகிறேன்.

பதில் 2: ஒரகடம் ரேவதி

காற்றுமானி ஐயாவின் காற்றுக் கணக்கோடு எனக்கு வழக்கில்லை. கட்டடத்தை அவர் ஒதுக்கித் தள்ளுவதில்தான் உடன்பாடு இல்லை. திடலுக்கு வந்து பறக்கவிட்டுப் போகிறவர்கள் பார்வை வேறு, அங்கே ஒரு வாரம் தங்கி வேலை செய்ய வேண்டிய என் போன்றவர்கள் பார்வை வேறு.

சட்டத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஆராய்ச்சி, மேம்பாடு, சோதனைக்காகப் பறக்கவிடுவதற்கு வகைச் சான்று (அந்த ட்ரோன் மாதிரிக்கான தரச் சான்று), தனி அடையாள எண், முன் அனுமதி, ஓட்டுநர் சான்றிதழ் நான்கிலிருந்தும் 2021 விதிகள் விலக்குத் தருகின்றன. யாருக்கு? அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனம், மத்திய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை அங்கீகரித்த தொடக்க நிறுவனம் (ஸ்டார்ட்அப்), ஜி.எஸ்.டி. எண் வைத்திருக்கும் ட்ரோன் உற்பத்தியாளர் ஆகியோருக்கு. நிபந்தனை இரண்டு. இடம் பச்சை மண்டலமாக இருக்க வேண்டும். பறப்பது தம் வளாகத்துக்குள் அல்லது தம் கட்டுப்பாட்டில் உள்ள திறந்த வெளிக்குள் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரிக்கு விலக்கு நேராகவே கிடைக்கும். வெளியிலிருந்து வரும் பட்டறைக்காரரிடம் ஜி.எஸ்.டி. எண் இருந்தால் அவருக்கும் உண்டு, ஆனால் அன்றைக்குத் திடல் அவர் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் காட்ட எழுத்து வேண்டும். ஒரு நாள் வாடகைக் கடிதம், எல்லை வரைபடத்தோடு. இது நான் விதியைப் படித்த விதம். விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வுக்கு எழுதிப் பதில் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். காற்றுமானி ஐயா சொல்கிற பக்கத்து நில ஒப்பந்தத்திலும் "கட்டுப்பாடு" என்ற சொல் இருக்கட்டும். காப்பீடும் எடுத்துவிடுங்கள். விலக்குப் பட்டியலில் அது இல்லை.

இனி கட்டடம். மின்காந்தச் சோதனை அறையை வெட்டிவிடுங்கள். ஒழுங்கான எதிரொலியற்ற அறை (மின்காந்த அலை சுவரில் பட்டுத் திரும்பாத அறை) ஒன்றே உங்கள் பணத்தை முழுவதும் விழுங்கும், பிறகு அதை நடத்த ஆள் கிடைக்காது. சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது, இரண்டிலும் மின்காந்தச் சோதனைக் கூடங்கள் உண்டு. போதாததற்கு, பாதுகாப்புச் சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தில் திருப்பெரும்புதூர் பக்கம் வல்லம் வடகால் சிப்காட்டில் ஆளில்லா விமானங்களுக்கென்றே பொதுச் சோதனை மையம் அறிவித்தார்கள். தமிழக அரசின் டிட்கோ வழியாக, கேரள அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் தலைமையிலான கூட்டமைப்பு. ஏறத்தாழ 2.3 ஏக்கர், 45 கோடி ரூபாய். 2024 ஜூலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. 45 கோடி போடுகிற இடத்தோடு மூன்று கோடியை வைத்துக்கொண்டு போட்டி போடாதீர்கள். ஆனால் அந்த 2.3 ஏக்கரைக் கவனியுங்கள். ஒரு பக்கம் நூறு மீட்டர்கூட வராது. தெளிப்பு ட்ரோன் விநாடிக்கு ஐந்து மீட்டர் போனால் இருபது விநாடியில் சுவருக்கு வந்துவிடும். அங்கே ஆய்வகச் சோதனை நடக்கும், நீண்ட தூரப் பறப்பு நடக்காது. உங்களிடம் இருப்பது அவர்களிடம் இல்லாதது.

என் போன்றவர்களுக்கு நடுவில் ஒரு கட்டம் இருக்கிறது. வகைச் சான்றுக்கான திட்டம் 2022 ஜனவரியில் வந்ததிலிருந்து, அந்தச் சோதனைக்குப் போகுமுன் நாமே எல்லாவற்றையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்ற நெருக்கடி. நிரலில் போட்ட எல்லை வேலியைத் தாண்டாமல் நிற்கிறதா, தொடர்பு அறுந்தால் திரும்பி வருகிறதா, சொன்ன எடையோடு சொன்ன நேரம் பறக்கிறதா. தோற்றால் கட்டணமும் போய் மாதங்களும் போகும். அந்த ஒத்திகைக்கு ஏற்ற இடம் உங்களுடையது. ஒத்திகைக்கு என்ன வேண்டும்? பூட்டுப் போடும் அலமாரி உள்ள நான்கு சிறு அறைகள், போட்டியாளர் பக்கத்து அறையில் இருப்பார் என்பதால். பற்றவைப்பு மேசை. தூசி வராத அறை ஒன்று, கரிசல் தூசி மோட்டாருக்குள் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அளவு கருவிகளுக்கு முறையான அளவுத்திருத்தச் சான்று. பின்னாளில் என்.ஏ.பி.எல். (சோதனைக் கூடங்களுக்கான தேசிய வாரியம்) அங்கீகாரத்துக்குப் போக அதுதான் முதல் படி.

பெண்களுக்குக் கழிப்பறையும் வேண்டும். இதை நான் சிரிப்புக்குச் சொல்லவில்லை. சோதனைக்குப் போன திடல்களில் பலவற்றில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் நின்றிருக்கிறேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் பெண்கள். கண்ணாடி முகப்புக்கு மதிப்பீடு போட்டவர் இதற்கும் ஒரு வரி போடட்டும்.

பதில் 3: தெளிப்பு சேகர் (அரியலூர்)

நான் படித்தவன் இல்லை, மூன்று ட்ரோன் வைத்து வாடகைக்கு மருந்து தெளிக்கிறவன். பெரிய விஷயமெல்லாம் மேலே உள்ளவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது பயிர்.

ட்ரோன் விற்க வருகிறவர்கள் எல்லோரும் சிமெண்ட் தளத்தில் தண்ணீர் தெளித்துக் காட்டுவார்கள். அழகாக இருக்கும். வயலுக்கு வந்தால் கதை மாறிவிடும். மக்காச்சோளத்தில் 2018இல் படைப்புழு வந்த பிறகுதான் எங்கள் பக்கம் ட்ரோனுக்குக் கிராக்கி. அந்தப் புழு குருத்துக்குள்ளே உட்கார்ந்திருக்கும். மருந்து இலைமேல் படிந்தால் போதாது, குருத்துக்குள் இறங்க வேண்டும். இறக்கைக் காற்று பயிரைப் பிளந்து உள்ளே தள்ளுகிறதா, படுக்கவைத்துவிட்டுப் போகிறதா என்பதைச் சிமெண்ட் தளம் சொல்லாது.

இன்னொன்று, உயரம் பார்க்கும் ரேடார். முழங்கால் உயரப் பயிரில் இரண்டு வரிசைக்கு நடுவே மண்ணைப் பார்த்துவிட்டு வண்டி கீழே இறங்கிவிடும். பூ எடுத்த பயிரில் கதிரைப் பார்த்துத் துள்ளும். துள்ளினால் ஓர் இடத்தில் மருந்து குறையும், இன்னோர் இடத்தில் குவியும். குவிந்த இடத்தில் இலை கருகினால் திட்டு வாங்குவது நான், ட்ரோன் செய்தவர் இல்லை.

அதனால் என் யோசனை இதுதான் சார். அந்தப் பதினான்கு ஏக்கரில் ஓரமாக இரண்டு ஏக்கரைக் கட்டடத்துக்கும் கொடுக்காதீர்கள், காலியாகவும் போடாதீர்கள். மக்காச்சோளம் போடுங்கள். ஒரே நாளில் விதைக்காமல், அரை ஏக்கர் அரை ஏக்கராக இருபது நாள் இடைவெளியில் விதையுங்கள். ஆழ்குழாய்க் கிணறு இருக்கிறது, சொட்டுநீர் போட்டால் கோடையிலும் நிற்கும். எந்த நாள் வந்தாலும் முழங்கால் உயரமும் இடுப்பு உயரமும் ஆள் உயரமும் அங்கேயே இருக்கும். ட்ரோன் செய்கிறவர்கள் நம் பக்கத்துப் பயிரில் வந்து சோதிக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பருத்தியிலும் ஒரு கால் ஏக்கர் போட்டால் நல்லது.

நீர்பட்டால் மஞ்சளிலிருந்து நீலமாக மாறும் அட்டை இருக்கிறது. அதைக் குருத்திலும் நடு இலையிலும் அடி இலையிலும் மாட்டி, ட்ரோன் போகும் பாதைக்குக் குறுக்கே வரிசையாக வைத்துத் தெளித்தால் எங்கே எத்தனை துளி விழுந்தது என்று கண்ணால் பார்க்கலாம். உங்கள் மாணவர்கள் அதைக் கேமராவில் எண்ணிக் கொடுத்தால் அந்தக் காகிதத்துக்கு நான் காசு கொடுப்பேன். என்னைப் போல வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கொடுப்பார்கள். ட்ரோன் வாங்குமுன் எது வாங்கலாம் என்று சொல்ல இன்று யாரும் இல்லை, விற்கிறவரைத் தவிர.

பேட்டரிக்குத் தனிக் கொட்டகை போடுங்கள், கட்டடத்துக்குள் வேண்டாம். சித்திரை வெயிலில் சூடாக இறங்கின பேட்டரியை உடனே சார்ஜில் போட்டு உப்பவைத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆறவைக்க நிழலும் மின்விசிறியும், தீப்பிடித்தால் போட மணலும், சார்ஜ் போடும் மேசைகளுக்கு நடுவே செங்கல் சுவரும் வேண்டும். ஓய்வில் வைக்கும்போது செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும் என்று சுவரில் பெரிதாக எழுதுங்கள்.

கரிசல் வாத்தியார் (கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. சேகர் அண்ணா, படித்தவன் இல்லை என்று தொடங்கி எங்கள் துறையில் யாருக்கும் தோன்றாததைச் சொல்லிவிட்டீர்கள். பயிர்த் திட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். பக்கத்தில் உள்ள வேளாண் கல்லூரியில் பேசி விதைப்புக்கு ஆள் கேட்கப் போகிறேன்.

மேற்கு எல்லைக் கட்டடக் கணக்கைத் துறைத்தலைவரிடம் காட்டினேன். "காற்று ஒரு காரணமா?" என்றார். கொட்டகையின் மறைவில் ஒருமுறையும் திறந்த வெளியில் ஒருமுறையும் ஒரே ட்ரோனை ஒரே இடத்தில் நிற்கவைத்துப் பதிவெடுத்து, இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். தாளைத் திருப்பித் தரவில்லை, பைக்குள் வைத்துக்கொண்டார். நல்ல அறிகுறி என்று நினைக்கிறேன்.

பக்கத்து நிலம் பற்றித்தான் யோசனை. தெற்கே நான்கு பேருக்குச் சொந்தம், வடக்கே ஒரே குடும்பம் ஆனால் பாகப்பிரிவினை வழக்கில் இருக்கிறது. கல்லூரி என்றாலே நிலத்தைப் பிடுங்க வருகிறார்கள் என்ற பயம் ஊரில் உண்டு, அது முழுக்கக் காரணமில்லாத பயமும் இல்லை.

பதில் 4: கீழக்காடு

நானும் பெரம்பலூர் மாவட்டம்தான், வேறு வட்டம். எங்கள் நிலத்துக்குப் பக்கத்திலும் இப்படி ஒன்று வந்தது, அதனால் நிலத்துக்காரன் பக்கத்திலிருந்து சில சொல்கிறேன்.

அறுப்புக்குப் பிறகு நிலம் சும்மா கிடக்கிறது என்று ஓசூர் ஐயா எழுதியிருக்கிறார். சும்மா கிடக்காது. பங்குனியிலிருந்து கிடை போடுவோம். இராமநாதபுரம் பக்கத்திலிருந்து செம்மறி ஓட்டிக்கொண்டு வருவார்கள், இரவில் வயலில் அடைப்போம், நிலத்துக்கு எரு. பகலில் அறுத்த பயிரின் தாளில் மேயும். நீங்கள் வாடகை கொடுத்து ஆளே நுழையக்கூடாது என்றால் எங்களுக்குக் கிடை போகிறது, ஆடு ஓட்டி வரும் கீதாரிக்குப் பிழைப்புப் போகிறது. வாடகை அந்த எருவுக்கு ஈடாகாது. ஆகவே மாதக் கணக்கில் எடுக்காதீர்கள். காலை ஆறு முதல் பத்து வரை, வாரத்தில் குறிப்பிட்ட நாட்கள் என்று கேளுங்கள். காலையில் காற்றும் அடங்கியிருக்கும். கிடைக்காரர்களிடம் முதல் நாளே சொல்லிவிட்டால் ஆட்டை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். ஓசூர் ஐயா சொன்ன சள்ளகெரேயிலும் மேய்ச்சல் நிலத்தை எடுத்ததற்காகத்தான் ஊர்க்காரர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போனார்கள். அதை அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

பயிர்மேல் விழுந்தால் எவ்வளவு, ஆட்டின்மேல் விழுந்தால் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். விழுந்த பிறகு பேரம் பேச வராதீர்கள். எங்கள் பக்கத்தில் வந்தவர்கள் விழுந்த வண்டியை எடுக்கப் பருத்திக்குள் பத்துப் பேராக ஓடி, வண்டி உடைத்ததைவிட அதிகமாக மிதித்துவிட்டுப் போனார்கள். எடுக்க ஓர் ஆள், நிலத்துக்காரரைக் கேட்டுவிட்டு. கேமரா இருக்கிறதா என்று பெண்கள் கேட்பார்கள். களையெடுக்கும் நேரத்தில் தலைக்கு மேலே ஒன்று நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? ஒரு நாள் கூப்பிட்டுத் திரையில் என்ன தெரிகிறது என்று காட்டுங்கள்.

பாகவழக்கில் உள்ள நிலத்தைத் தொடாதீர்கள். ஒருவரிடம் கையெழுத்து வாங்கினால் மற்றவர் நாளை உங்கள்மேல் வழக்குப் போடுவார்.

பதில் 5: காற்றுமானி

கீழக்காட்டார் சொன்னது நியாயம். கிடையை நான் கணக்கில் எடுக்கவில்லை. காலை நான்கு மணி நேர ஒப்பந்தம் என்பது என் யோசனையைவிட நன்று. ஒரே குறை: ஆடிக் காற்றைச் சோதிக்கப் பிற்பகல் வேண்டும். அதை மட்டும் உங்கள் எல்லைக்குள், 30 மீட்டருக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம். தெளிப்பு ட்ரோனுக்கு அது தாராளம். வடக்கு கிடைக்காவிட்டால் பறக்கும் பட்டையைத் தெற்கே நகர்த்துங்கள். தெற்கில் நூறு மீட்டர் கிடைத்தால் மொத்தம் 265. 120 மீட்டர் உயரத்துக்கு 25 மீட்டர் பட்டைதான் வரும், 100 மீட்டர் உயரத்துக்கு 65. அதை வைத்து ஓட்டலாம்.

ரேவதி அம்மாவின் நான்கு அறைகளையும் கழிப்பறையையும் ஏற்கிறேன். அவை ஒரே தளத்தில், கிழக்கு எல்லையில் அடங்கும்.

பயிற்சிப் பள்ளிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. வருமானம் அதில்தான் என்று கணக்கர் சொல்வது உண்மை. டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் வாங்கினால் பத்தாம் வகுப்புத் தேறிய, பதினெட்டு முதல் அறுபத்தைந்து வயதுக்குள் உள்ள யாரும் வந்து சேரலாம், சான்றிதழ் பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் கற்றுக்கொள்கிறவன் கையில் இருப்பது சான்று பெற்ற, பதிவெண் உள்ள வண்டி. சோதிக்க வருகிறவன் கையில் இருப்பது நேற்று இரவு நிரல் மாற்றிய வண்டி. இரண்டையும் ஒரே வானத்தில் ஒரே நேரத்தில் விடக்கூடாது. நிர்வாகம் வற்புறுத்தினால் நாட்களைப் பிரியுங்கள், மணிநேரத்தைப் பிரிக்காதீர்கள். மணிநேரமாகப் பிரித்தால் பயிற்சி வகுப்பு எப்போதும் நீளும், ஏனென்றால் அவன் முன்பணம் கட்டியிருக்கிறான். செவ்வாய், புதன், வியாழன் சோதனைக்கு என்று நிர்வாகக் குழுத் தீர்மானத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள். வாய்ச்சொல் ஓராண்டுகூட நிற்காது.

திடலுக்கு ஒரு பொறுப்பாளரை முழுநேரமாகப் போடுங்கள். "இன்று பறக்க வேண்டாம்" என்று சொல்ல அவருக்கு அதிகாரம் இருக்க வேண்டும், தாளாளரின் மகன் வந்தாலும். பேராசிரியர்களுக்குச் சுழற்சி முறையில் கொடுக்காதீர்கள். வகுப்பு, தேர்வு என்று யாரும் அங்கே இருக்க மாட்டார்கள். இவருக்கான ஐந்தாண்டுச் சம்பளத்தை மூன்று கோடியிலிருந்து இப்போதே தனிக் கணக்கில் எடுத்து வையுங்கள்.

கரிசல் வாத்தியார்

தாளாளருக்கு மகன் இல்லை, மருமகன் உண்டு. அவரிடம் ட்ரோனும் உண்டு.

இரண்டு பக்கம் நான்கு பக்கமாகிவிட்டது. காற்றுக் கம்பம், கிழக்கு எல்லையில் ஒரு தளக் கட்டடம், பேட்டரிக் கொட்டகை, இரண்டேகால் ஏக்கர் பயிர், தெற்கு நிலத்துக்குக் காலை ஒப்பந்தம், பொறுப்பாளர் சம்பளம். எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கோடிக்குள் வருகிறது. மீதியை என்ன செய்வது என்று கேட்டால் இரண்டாம் ஆண்டுக்கு வைத்திருங்கள் என்று எழுதியிருக்கிறேன். கருத்தரங்கக் கூடத்தை எடுத்துவிட்டேன், முதன்மை வளாகத்தில் ஏற்கெனவே இரண்டு இருக்கின்றன. அடிக்கல் நாட்டு விழாவைக் கைவிட மாட்டார்கள். காற்றுக் கம்பத்துக்கு அடிக்கல் நாட்டலாமா என்று துறைத்தலைவர் கேட்டார். நாட்டலாம் என்று சொன்னேன்.

சேகர் அண்ணா, அந்த மஞ்சள் அட்டை எங்கே வாங்குகிறீர்கள்? ஈரப்பதமான நாளில் தானாக நீலமாகிவிடாதா?

தெளிப்பு சேகர்

ஆகும் சார். ஐப்பசியில் வெளியே வைத்தாலே புள்ளி விழும். அலுமினியத் தாளில் சுற்றிச் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்திருந்து, தெளிக்கும் நேரத்துக்குத்தான் மாட்ட வேண்டும். வெறுங்கையால் தொடக்கூடாது, கையுறை போட வேண்டும். கடை விவரத்தைத் தனியாக அனுப்புகிறேன். முதல் அரை ஏக்கர் எப்போது விதைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், முழங்கால் உயரம் வந்ததும் என் வண்டியைக் கொண்டுவருகிறேன்.